அந்தப் படத்துல இருக்கறது பலோரா இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர் விவசாயப் பக்கத்துல அரிய வகை மஞ்சள் டிராகன் பழம், ஈக்வடார் பலோரா ரகம்னு பெரிய படத்தோட ஒரு செய்தி போட்டிருந்தீங்க. எழுதினவங்க மெனக்கெட்டுத்தான் எழுதியிருக்காங்க, ஆனா படத்துல இருக்கறது பலோரா இல்லீங்க. தோலு மஞ்சள்தான், அதுல சந்தேகமில்லை, ஆனா தோலு மேல பச்சை நுனியோட நீள நீளமா செதில் நிக்குது, முள்ளு ஒண்ணுகூட கிடையாது. பலோராவுக்கு அந்தச் செதிலே இருக்காது, தோலு புடைச்சுப் புடைச்சு இருக்கும், ஒவ்வொரு புடைப்பு மேலயும் கொத்தா முள்ளு இருக்கும், பழுத்தப்பறம் கையில துணியைச் சுத்தித் தேய்ச்சா அந்த முள்ளு உதுந்துரும். கண்ணு தெரிஞ்ச யாரும் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா மாத்திச் சொல்ல மாட்டாங்க.

இதுக்குப் போயி ஒரு லெட்டரான்னு நீங்க நெனைக்கலாம். செய்திக்கு அடியில கட்டிங், அதாவது நடறதுக்கு வெட்டின தண்டு, விக்கிறவரோட போன் நம்பரும் போட்டிருந்தீங்களே, அதுதாங்க விஷயம். பேப்பர் வந்த அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எங்க டீக்கடையில ரெண்டு பேரு அந்த நம்பருக்குப் பேசிட்டாங்க, ஒருத்தரு அட்வான்ஸும் போட்டுட்டாரு.

நாங்க பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்க இருக்கறவங்க. கேரளான்னா எப்பவும் மழைன்னு வெளியூர்க்காரங்க நெனப்பாங்க, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் வந்து பாத்தா தெரியும், மழை கம்மி, பாதி கருமண்ணு பாதி செம்மண்ணு, எல்லாம் போர் தண்ணிய நம்பின பொழப்பு. தென்னைதான் எங்களுக்கு எல்லாம், அதுலயும் 2016ல பொள்ளாச்சிப் பக்கமும் பாலக்காட்டுப் பக்கமும் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கருப்புப் படிஞ்சதுக்கப்பறம் வேற என்ன வெக்கலாம்னு தேடறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. டிராகன் கள்ளிச்செடிங்கறதால பகல்ல இலைத்துளையை மூடி வெச்சு ராத்திரியில மூச்சு வாங்கற ஜாதி, தண்ணி கம்மியாப் போதும். அதைக் கேட்டதும் கல்லுக்கால் நட்டு, மேல டயரோ ரிங்கோ மாட்டி, காலுக்கு நாலு செடின்னு ஏக்கருக்கு நானூறு காலுக்கு மேல நட்டவங்க இருக்காங்க. கால், ரிங், சொட்டுநீர்க் குழாய்னு போடறது எல்லாம் கடன் காசுங்க, ஒருக்கா நட்டா இருபது வருஷம் நிக்கற செடி, ரகம் மாறிப் போச்சுன்னு அடுத்த பட்டத்துல மாத்திக்கறதுக்கு இது தக்காளி இல்லை.

மஞ்சள்னு சொல்லி விக்கறதுல ரெண்டு ஜாதி இருக்குதுங்க. ஒண்ணு முள்ளு மஞ்சள், அறிவியல் பேரு மெகலாந்தஸ், கொலம்பியா ஈக்வடார் பக்கத்துது, பலோராங்கறது ஈக்வடார்ல அதை விளைவிக்கற ஒரு ஊரு. இன்னொண்ணு நம்ம சாதா வெள்ளைச் சதை டிராகன் இருக்குதே உண்டாட்டஸ், அதோட குடும்பத்துலயே தோலு மஞ்சளா வர்றது, இஸ்ரேல் கோல்டன், கோல்டன் ஐசிஸ்னு சந்தைக்குச் சந்தை ஒரு பேரு. ரெண்டும் உள்ள வெள்ளைச் சதைதான், ஆனா மத்ததெல்லாம் வேற. கோல்டன் சீக்கிரம் வளரும், பூத்து ஒரு மாசம் சொச்சத்துல பழுக்கும், பழம் பெருசு. முள்ளு மஞ்சள் தண்டு மெலிசு, வளத்தி மெதுவு, பழம் நூத்தம்பது இருநூறு கிராம் வந்தா சந்தோஷப்படோணும், பூத்து நாலஞ்சு மாசம் காத்திருக்கோணும், ஆனா இனிப்புன்னா அதுதான் இனிப்பு. சர்க்கரை பாக்கற அந்தச் சின்னக் கருவி, ரெஃப்ராக்டோமீட்டர்னு சொல்லுவாங்க, அதுல சாதா வெள்ளை பன்னெண்டு பதிமூணு காட்டினா இது பதினெட்டுக்கு மேல போகும். விதையும் பெருசா இருக்கும், கடிக்கறப்பவே வித்தியாசம் தெரியும்.

வேலந்தாவளம் பக்கம் எங்க மச்சான் ஒருத்தரு ரெண்டு எடத்துல பலோரான்னு கேட்டு வாங்கினாரு, ஒண்ணு கண்காட்சியில, இன்னொண்ணு கூரியர்ல. ரெண்டுலயும் ஒரே லேபிள், விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணு ஜம்முனு ஏறி அடுத்த வருஷமே காய்ச்சு வழுவழுன்னு மஞ்சளா பழுத்துச்சு. அதுதான் ஒரிஜினல்னு நெனச்சு மனுஷன் ஊரெல்லாம் கட்டிங் வெட்டிக் குடுத்துட்டாரு. இன்னொண்ணு நோஞ்சானா நின்னுட்டு லேட்டா ஒரு காய் வெச்சு, அது மாசக்கணக்கா பச்சையாவே நின்னதைப் பாத்துட்டு இது ஏதோ காட்டுக்கள்ளின்னு சொல்லி வேலைக்காரப் பையன் அறுத்து எறிஞ்சுட்டான். எறிஞ்சதுதாங்க பலோரா! இந்தப் பழம் பறிச்சு வெச்சா பழுக்காது, டிராகன்ல எந்த ஜாதியுமே செடியில பழுத்தாத்தான் இனிப்பு, அறுத்தப்பறம் ஒரு துளி சர்க்கரைகூட ஏறாது. லாரியில தூரம் போகோணும்னு வாரம் முன்னாடியே பறிச்சு அனுப்பறதால தான் டவுன்ல வாங்கித் தின்னவங்க சப்புனு இருக்குதுன்னு மூஞ்சியச் சுளிக்கறாங்க.

இப்ப கேள்வி, கட்டிங் வாங்கறப்பவே எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கறது. ஒரு முழத் தண்டை வாட்ஸாப்புல போட்டோ புடிச்சுப் போட்டு இது என்ன ரகம்னு கேக்கறாங்க, பத்துப் பேரு பத்து ரகம் சொல்றாங்க. தண்டு கொஞ்சம்தாங்க சொல்லும். உண்டாட்டஸ்ல ஓரம் அலை அலையா, ஓரத்துல சாம்பலும் காவியும் கலந்த கெட்டியான கோடு ஓடும். சிவப்புச் சதைக்காரங்கள்ல கோஸ்டாரிசென்சிஸ்னு ஒண்ணு இருக்கு, அதோட தண்டு மேல வெள்ளையா மாவு பூசினாப்புல இருக்கும், வெரல்ல தேய்ச்சா போகும். முள்ளு மஞ்சளோட தண்டு ஒல்லி, அந்தக் கெட்டிக் கோடு கிடையாது. ஆனா நெழல்ல வளந்த தண்டும் வெயில்ல வளந்த தண்டும் ஒரே செடியிலயே வேற வேறயா இருக்கும், எரு ஜாஸ்தி போட்டா தடிக்கும், வேனல்ல சுருங்கும், அதனால தண்டைப் பாத்து ஜாதி வேணா சொல்லலாம், ஜாதிக்குள்ள இன்ன ரகம்னு சத்தியம் பண்ற ஆளை நம்பாதீங்க.

பூதான் சாட்சி. சாயங்காலம் இருட்டினதுக்கப்பறம் விரியும், விடிஞ்சு வெயில் ஏறுனா தொங்கிரும், அதனால பாக்கறவங்க கம்மி, தோட்டம் வெச்சிருக்கறவங்களே பாதிப் பேரு முழுசா விரிஞ்ச பூவைப் பாத்திருக்க மாட்டாங்க. டார்ச்சோட போயி பாக்கோணும். வெளி இதழ் பச்சை மஞ்சளா இருக்குதா இல்லை ஓரம் சிவந்திருக்குதா, நடுவுல மகரந்தத்தை வாங்கிக்கற சூல்முடி எத்தனை கிளையா பிரியுது, அந்தக் கிளையோட நுனி ஒத்தையா நிக்குதா ரெண்டா பொளந்திருக்குதா, சூல்முடி மகரந்தத்துக்கு மேல நீட்டிட்டு நிக்குதா இல்லை அதுக்குள்ளயே இருக்குதா, இதெல்லாம் குறிச்சு வெச்சாத்தான் அடையாளம். முள்ளு மஞ்சளுக்கு ராத்திரி வரைக்குங்கூட காத்திருக்க வேண்டாம், மொட்டு வெச்சதுமே அடிப்பக்கம் முள்ளு தெரியும், கோல்டன்ல மொட்டு அடியில செதில்தான் இருக்கும். கட்டிங் விக்கறவரு தாய்ச்செடியோட மொட்டைக் காட்டட்டும், பூவைக் காட்டட்டும், அறுத்த பழத்தைக் காட்டட்டும். காட்ட முடியலைன்னா அவருகிட்ட இருக்கறது அவருக்கே தெரியாதுன்னு அர்த்தம்.

சிவப்புச் சதை வாங்கினவங்களுக்கு வேற மாதிரி கஷ்டம். சிவப்புல நெறைய ரகம் தன்னோட மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது, ஒரே தாய்ச்செடியில இருந்து வெட்டின ஆயிரம் செடி நின்னாலும் அது எல்லாம் ஒரே செடிதான், பூ பூவா பூத்து மஞ்சளாகி உதுந்துரும். இதை யாரும் சொல்லாம வித்துடறாங்க, பூ உதுந்ததும் அதுக்கு ஒரு ஹார்மோன் பாட்டில் விக்கறாங்க. வெள்ளைச் சதை நாலு காலு பக்கத்துல இருந்தாப் போதும், ராத்திரி எட்டு ஒம்பது மணிக்கு மேல அதோட மகரந்தத்தை ஒரு டப்பாவுல தட்டி எடுத்து மெல்லிசு பிரஷ்ல சிவப்பு பூவோட சூல்முடியில தடவி விட்டா காய் நிக்கும். அதோட சொந்த நாட்டுல வவ்வாலும் பெரிய அந்துப்பூச்சியும் செய்யற வேலைங்க இது, இங்க விடியக்காலம் தேனீ வந்து கொஞ்சம் செய்யுது, மிச்சம் நாமதான். வெள்ளை மகரந்தம் போட்டா சதை வெளுத்துருமான்னு எங்க பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்டாங்க, வெளுக்காதுங்க, சதையோட நெறம் தாய்ச்செடியோடது, விதைதான் கலப்பு. ஆனா காயோட பருமனும் பழுக்கற நாளும் மகரந்தத்தைப் பொறுத்து மாறும், முள்ளு மஞ்சள் மகரந்தத்தைப் போட்டா மத்த ஜாதி லேட்டா பழுக்கும்னு இஸ்ரேல்ல பென்குரியன் பல்கலைக்கழகத்துக்காரங்க பரிசோதிச்சே சொல்லியிருக்காங்க.

விதை கலப்புன்னு சொன்னதால இன்னொண்ணும் சொல்லிடறேன். கடையில நல்ல பழம் ஒண்ணு வாங்கி அதோட விதையைப் போட்டு மொளைக்க வெச்சு, அதே ரகம்னு நாத்து விக்கறாங்க. விதை நாத்து தாயாட்டம் வரும்னு ஒரு நிச்சயமும் கிடையாது, காய்க்கவும் வருஷக்கணக்காகும். கட்டிங்தான் தாயோட நேர் வாரிசு. இன்டர்நெட்டுல நீல டிராகன் பழ விதைன்னு வேற வருது, கருநீலத்துல பளபளன்னு படம் போட்டு. அப்படி ஒரு பழம் உலகத்துல கிடையாதுங்க, கம்ப்யூட்டர்ல கலர் மாத்தின படம். இந்தப் பழத்தோட சிவப்பு பீட்ரூட்டுல இருக்கற அதே ஜாதி நெறமிதான் (சிவப்புச் சதையை நல்லா தின்னுட்டு மறுநாள் பாத்ரூம்ல பயந்து போயி ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க இருக்காங்க), அது சிவப்பும் ஊதாவும் மஞ்சளும் குடுக்கும், நீலம் குடுக்காது.

பேரு விஷயத்துக்கு வர்றேன். மொராக்கோ ரெட், சியாம் ரெட், ஜம்போ ரெட்னு விக்கறாங்க, ஒரே ஆளுக்கு மூணு ரேஷன் கார்டு இருக்கறாப்புல ஒரே செடிக்கு மூணு பேரு. இந்தச் செடியோட பூர்வீகம் மெக்ஸிகோவும் நடு அமெரிக்காவும், அதுக்கும் மொராக்கோவுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கேக்கறதில்லை. கலிபோர்னியாவுல பால் தாம்சன்னு ஒருத்தரு, 1968ல அரிய பழ விவசாயிகளுக்குன்னு அங்க சங்கம் தொடங்கினவங்கள்ல ஒருத்தரு, அவரு வளத்த செடிகளுக்கு எஸ்-8ன்னு நம்பர் வெச்சு வெச்சிருந்தாரு, அந்த எஸ்-8தான் இப்ப சுகர் டிராகன்ங்கற பேருல சுத்துது, தானே காய்க்கற நல்ல ரகம். நம்பர் போட்டு வெச்சதால இன்னிக்கும் இது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் புடிக்க முடியுது. நம்ம ஊர்ல லேபிள் ஒரு மழையில அழிஞ்சுருது, அப்பறம் விக்கறவரு வாய்க்கு வந்ததுதான் பேரு. இதுல 2017ல விஞ்ஞானிங்க வேற டிராகன் செடியெல்லாம் இருந்த ஹைலோசீரியஸ்ங்கற கூட்டத்தை செலினிசீரியஸ்ங்கற கூட்டத்துல சேத்துட்டாங்க, ஒரே செடிக்குப் பழைய பேருல ஒரு லேபிள் புதுப் பேருல ஒரு லேபிள் எழுதி ரெண்டு விலை சொன்ன ஆளையும் நான் பாத்திருக்கேன்.

சட்டம் இருக்குதேன்னு சொல்லுவாங்க. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்துல 39ஆம் பிரிவு, ரகத்தை உருவாக்கினவங்க விவசாயிக்கு நடவுப்பொருள் விக்கறப்ப இன்ன நெலமையில இவ்வளவு விளையும்னு சொல்லியாகோணும், சொன்னபடி வரலைன்னா விவசாயி நஷ்டஈடு கேக்கலாம்னு இருக்குது. ஆனா அது பதிவு பண்ணின ரகத்துக்குத்தான். கூரியர்ல வர்ற அரிய ரகக்காரரு எதைப் பதிவு பண்ணினாரு? 2012ல சுப்ரீம் கோர்ட் விதை வாங்கற விவசாயியும் நுகர்வோர்தான்னு தீர்ப்பு சொல்லியிருக்கு, அதனால நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம், போறதுக்கு பில்லு வேணும், பில்லுல ரகத்தோட பேரு வேணும். எங்க மச்சான்கிட்ட இருந்தது கூகுள் பே ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

நோயும் இந்தக் கட்டிங் வழியாத்தான் ஊரு ஊரா போகுது. கேக்டஸ் வைரஸ் எக்ஸ்னு ஒண்ணு, ஒரே கத்தியில அடுத்தடுத்து வெட்டினா செடிக்குச் செடி ஏறும், தண்டுல வெளிறின திட்டுத் திட்டா தெரியும், சில சமயம் தெரியவும் தெரியாது. தண்டு அழுகலும், ஆரஞ்சு புள்ளி வந்து ஓட்டை விழற கேன்கர் நோயும் அப்படித்தான் வந்து சேருது. கருமண்ணுக்காரங்க மேட்டுப்பாத்தி போடாம நட்டு துலாமாச (ஐப்பசி) மழையில வேரு அழுகிப் போறதையும், சித்திரை வெயில்ல தண்டு மஞ்சளாகி வேகறதையும் இதோட சேத்துக் குழப்பிக்கறாங்க, அது நாம மேட்டுப்பாத்தி போட்டு, நெழல்வலை கட்டி சரி பண்ணிக்கலாம், வைரஸை சரி பண்ண முடியாது.

அதனால உங்ககிட்டயும், உங்க வழியா மத்தவங்ககிட்டயும் கேக்கறது இதுதாங்க. இந்தப் பக்கம் கோயமுத்தூர்ல வேளாண் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் திருச்சூர்ல கேரள வேளாண் பல்கலைக்கழகம், நாங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கோம். ரெண்டுல ஒருத்தராவது பாலக்காட்டுக் கிழக்குல ஒரு பத்து சென்ட்ல, எங்கிருந்து வந்துச்சுன்னு கணக்கு உள்ள தாய்ச்செடிகளை மட்டும் வெச்சு, பூவும் பழமும் படம் புடிச்சு, விவசாயி தன்னோட செடியைக் கொண்டு போயி ஒப்பிட்டுப் பாக்கறாப்புல வைக்கட்டும். கர்நாடகாவுல ஹிரேஹள்ளியில இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க டிராகனுக்குன்னே மையம் அமைச்சிருக்காங்க, இங்கிருந்து அங்க போய்ட்டு வர்றது எல்லாருக்கும் ஆகற காரியமில்லை. கிருஷி பவன்ல, அதான் எங்க வேளாண்மை ஆபீஸுல, ஒட்டற நோட்டீஸு மலையாளத்துலதான் வருது, எங்க பாட்டிமாரு தமிழ்தான் படிப்பாங்க, தோட்டத்துல நின்னு வேலை பாக்கறது அவங்கதான், அதையும் தமிழ்ல ஒரு பக்கம் அடிச்சுக் குடுத்தா புண்ணியமாப் போகும்.

உங்க பேப்பர்ல இனிமே அரிய ரகம்னு செய்தி போட்டா போன் நம்பருக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டுப் போடுங்க: தாய்ச்செடி எங்கிருந்து வந்துச்சு, தானே காய்க்குமா, பூத்து எத்தனை நாள்ல பழுக்கும், தாய்ச்செடியோட பூவை நிருபர் கண்ணால பாத்தாரா. ஒரு லட்சம் ரெண்டு லட்சம்னு வருமானக் கணக்கு போடறதை விட இது எங்களுக்கு உபயோகம், ஏன்னா அந்த லட்சத்துல பழம் வித்தது எவ்வளவு, கட்டிங் வித்தது எவ்வளவுன்னு பிரிச்சு யாரும் சொல்றதில்லை, நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் கட்டிங்தான்.

போன வாரப் படத்துக்குத் திருத்தம் ஒண்ணு போட்டுருங்க, அட்வான்ஸ் போட்டவரு அதைக் காட்டித்தான் காசைத் திருப்பிக் கேக்கோணும். முள்ளுள்ள பழத்தோட படம் வேணும்னா எங்க தோட்டத்துல ரெண்டு காய் இப்ப பச்சையா நிக்குது, மஞ்சளாக தை மாசம் ஆயிரும், அப்ப ஆளனுப்புங்க, பக்கத்துலயே கோல்டன் பழத்தையும் வெச்சு ஒரே படமா எடுத்துக்கலாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை பக்கத்து வாசகி ஒருத்தி